தங்கக் கோடு போட்ட பக்கம்

சந்தன வாசம் மூக்கில் ஏறியதும், அன்றைக்கு உங்கள் கேபிள் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வரிசையாக என் முன்னால் வந்து நிற்கிறார்கள், மதினி. கை வைத்த ஒரே நாற்காலியில் எங்கள் வீட்டுக்காரர். பக்கத்தில் ஸ்டூலில் உங்கள் கொழுந்தனார் சேதுராமன். சுவரோரம் அவர் பெண்சாதி பாக்கியம், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் தெருவிலுமாக டெய்லர் சண்முகம்; அவர் மகள் பிரியா பாயில். அதே பாயில் பால் ஊற்றும் ராமாயியும் அவள் மகள் கவிதாவும். காப்பி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு வந்த பிச்சம்மா. அப்புறம் நான். மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைச் சொருகிக்கொண்டிருந்த நீங்கள். வேறு யாரும் கிடையாது. நானும் இருந்தேன் என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு இல்லை.

இன்றைக்கு ஆயுத பூஜை. தெரு முழுக்கச் சந்தனம் மணக்கிறது. எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரில் தொடங்கி மண்வெட்டி, அரிவாள்மனை, பேரன் லீவுக்கு வந்தால் ஓட்டுகிற சைக்கிள் வரைக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. நான் குளித்து முடித்த கையோடு உங்கள் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். சொல்வது கோணலாக இருக்காது.

நம் இருவரையும் சம்பந்தியாக்கியது பிள்ளைகள். என் மகன் செல்வத்துக்கு உங்கள் மகள் தேன்மொழியைக் கேட்டுத்தான் முதல்முதலாக உங்கள் வீட்டுப் படி ஏறினேன். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே உங்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்காதவர்கள் இந்த ஊரில் யார்? ஊருக்குக் கேபிள் டிவி கொண்டுவந்தவர் உங்கள் வீட்டுக்காரர். அவர் நெஞ்சுவலியில் போனதும், தொழிலை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நீங்கள் மூலையில் உட்கார்ந்துவிடுவீர்கள் என்றுதான் ஊர் நினைத்தது. கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள், நீங்கள் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்த்தெருப் பெரிய வீட்டு மொட்டைமாடியில் நின்றீர்கள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தீர்கள். வாயில் ஒரு ஸ்க்ரூ. கீழே நின்ற ஒரு ஆள், பொம்பளை மாடி ஏறினால் படம் தெரியுமா என்று கேட்டு, தானே சிரித்துக்கொண்டார். நீங்கள் ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தீர்கள்.

“உங்க வீட்டு வயரை மொதல்ல வெட்டிப் பாக்கவா?” என்றீர்கள்.

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

அப்புறம் வீட்டுக்கு வீடு மாடியில் டிஷ் குடை வைத்துக்கொண்டார்கள். உங்கள் தொழில் படுத்தது. தெருவைப் பார்த்த உங்கள் கேபிள் அறையில் பழைய டிஷ் தட்டுகளும், கடைசியாக நீங்கள் வாங்கிய தட்டை டிவியும், மூலையில் வயர்க் குப்பையும் மிஞ்சின. அந்த அறையைப் பூட்டி வைக்க உங்களுக்கு மனசு வரவில்லை.

கவிதா விஷயம் அப்போதுதான் வந்தது. பன்னிரண்டாவது முடித்தவள், கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்டாள். காரைக்குடியில் வகுப்பு முடிந்து, பஸ் பிடித்து இறங்கி, ரோட்டிலிருந்து ஊருக்குள் நடப்பதற்குள் இருட்டிவிடும். ராமாயி பயந்து நிறுத்திவிட்டாள். நிறுத்தியதோடு மாப்பிள்ளையும் பார்க்கத் தொடங்கினாள். டெய்லர் சண்முகமும் பிரியாவை நிறுத்திவிட்டார். நான் இதை ஒரு ஊர்ச் செய்தியாக உங்களிடம் சொன்னேன். நீங்கள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த டிவியையே பார்த்தீர்கள்.

“பிள்ளைக காரைக்குடிக்குப் போக வேணாம் மதினி. காரைக்குடியை இங்குட்டுக் கொண்டாந்துருவோம்” என்றீர்கள்.

தேன்மொழி சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். சோப்புப் பெட்டி அளவுதான். திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு அட்டை. எங்கள் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கொசு மருந்து மெஷின் இதைவிடப் பெரிதாக இருக்கும் என்றார். நீங்களும் சிரித்தீர்கள். அது நீங்கள் அவரை அண்ணன் என்று மனசாரக் கூப்பிட்ட காலம்.

அந்தப் பெட்டிக்கென்று தனி மூளை கிடையாது, அதை நாம்தான் எழுதிச் சொருக வேண்டும் என்று தேன்மொழி சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. அவள் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலங்களில் போனில் அவள் முகத்தைப் பார்த்தபடி நீங்கள் பழகினீர்கள். அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், அந்த மூளையாகப்போகும் நகத்தளவு மெமரி கார்டைச் சொருகி, அதில் எழுதிப் பழகினீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்த்ததை மறக்க மாட்டேன். முதலில் கம்ப்யூட்டருக்கு வேண்டியதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு எந்த இடத்தில் எழுதுவது என்று லேப்டாப் கேட்கும். அந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுதும். தவறான இடத்தைக் காட்டினால் லேப்டாப்பில் இருக்கிற கல்யாண போட்டோ, பேரன் பிறந்த போட்டோ எல்லாம் போய்விடும். உங்கள் விரல் அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நிற்கும்.

“எழுதுறது பெருசில்ல மதினி. எதை அழிக்கப்போறோம்னு பாக்குறதுதான் பெருசு” என்பீர்கள்.

எழுதி முடித்ததும் அது விட்டுவிடாது. எழுதியது சரிதானா என்று முதலிலிருந்து தானே வாசித்துப் பார்க்கும். அதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும்வரை கார்டை உருவக்கூடாது. நான் பொறுமை இல்லாமல் அதுதான் எழுதியாயிற்றே என்பேன். இருங்க என்பீர்கள். அந்த ஒரு வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்லத் தெரிந்தவர் நீங்கள்.

சண்முகமும் ராமாயியும் ஒரு நாள் வந்து பார்க்கச் சம்மதித்தார்கள். பெட்டி வேலை செய்து, டிவியில் கம்ப்யூட்டர் தெரிந்தால், பிள்ளைகளைச் சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் இல்லை. அந்த வாரமே கவிதாவைப் பெண் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. ஒரு காரணம் கிடைத்தால் தள்ளிப்போடலாம் என்று ராமாயியே என்னிடம் மெல்லச் சொல்லியிருந்தாள். பெற்ற மனசு இரண்டு பக்கமும் இழுக்கும்தானே. ஆக, அந்தச் சின்னப் பெட்டியை நம்பி ஒரு பெண் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கார்டை எழுதி, சரிபார்த்து, ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டு, நீங்கள் பிளக்கைச் சரிசெய்ய மேசைக்கு அடியில் போனீர்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் தட்டை எடுத்துப் பாக்கியத்திடம் நீட்டினார். நல்ல காரியம், சுமங்கலி கையால் பொட்டு வைத்து, அவள் கையாலேயே சொருகட்டும் என்றார்.  யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. புது மிக்சி வந்தால் வைக்கிறோம், புது வண்டி வந்தால் வைக்கிறோம். இதற்கும் வைப்பது வழக்கம்தானே என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வெறும் கறுப்பு. மறு பக்கம் வரிசையாகத் தங்கக் கோடுகள். தங்கம் இருக்கிற பக்கம்தானே முகமாக இருக்கும்? அந்த முகத்தில் கட்டைவிரலால் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். நகத்தளவு கார்டுக்கு ஒரு பொட்டே அதிகம். கார்டு மறைந்துவிட்டது. அப்படியே சொருகினாள். நீங்கள் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுவிட்சைப் போட்டீர்கள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் சிமிட்ட வேண்டிய பச்சை விளக்கு சிமிட்டவில்லை. டிவி கறுப்பாகவே இருந்தது. நீங்கள் அணைத்துப் போட்டுப் பார்த்தீர்கள். வயரை மாற்றிப் பார்த்தீர்கள். பிச்சம்மா எப்போது படம் போடுவார்கள் என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ராமாயி கவிதாவின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள்.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“தங்கச்சி, தப்பா நினைக்காதீக. மொதல்ல கை வைக்கிறது யாருன்னு ஒண்ணு இருக்குல்ல. காலையிலேருந்து அதை நீகதான தொட்டுக்கிட்டு இருந்தீக. அப்புறம் பாக்கியம் பொட்டு வச்சு என்ன பண்ண?”

தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னார். வயசுப் பிள்ளைகள் பாயில் இருக்க, அவர்களைப் பெற்றவர்கள் கேட்க, நல்ல காரியத்துக்கு ஆகாத கை என்று உங்கள் கையைச் சொன்னார். அந்தச் சொல் தெருவுக்குப் போயிருந்தால், பெட்டி மறுநாள் விளக்கு எரிந்து வேலை செய்திருந்தாலும் ஒரு தாயும் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டாள். உங்கள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வயரைப் பிடித்திருந்த கை மட்டும் நின்றுவிட்டது. சேதுராமன் தரையைப் பார்த்தார். சண்முகம் உள்ளே இருந்த காலையும் வெளியே எடுத்தார்.

நான் எழுந்துபோய் வாசலை மறித்து நின்றேன். கட்டியவரை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசுவது எனக்கும் அதுதான் முதல் தடவை.  

“ஏங்க, இத்தனை வருசம் வீட்டுல உக்காந்து டிவி பாத்தீகளே, அது யார் கை தொட்ட வயருல வந்துச்சு? சாமி படம் பாத்தீக, கல்யாணம் காச்சி பாத்தீக. அப்பல்லாம் கூசலையாக்கும்?”

பிச்சம்மாதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததும் சண்முகத்துக்கும் அடக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரர், நீ உட்காருடி என்றார். நான் உட்காரவில்லை. காப்பி குடிக்காமல் யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

நீங்கள் அதற்குள் கார்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தீர்கள். தங்கக் கோட்டில் குங்குமம் அப்பியிருந்தது. அதைப் பார்த்தீர்கள். பிறகு பாக்கியத்தின் கட்டைவிரலைப் பார்த்தீர்கள். அவள் விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கப்போனேன். உங்கள் கண் என்னை வேண்டாம் என்றது. பிரியாவிடம் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தீர்கள். துணியை ஊசிபோலத் திரித்துக் கார்டு சொருகும் வாயைத் துடைத்தீர்கள். சந்தனம் பட்டிருக்கிறது, ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னீர்கள். யார் வைத்தது என்று சொல்லவே இல்லை.

அதோடு கார்டைச் சொருகியிருந்தாலே பச்சை விளக்கு எரிந்திருக்கும். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. லேப்டாப்பை மேசை நடுவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, கார்டில் இருந்ததை எல்லாம் அழித்து, முதலிலிருந்து எழுதத் தொடங்கினீர்கள். உங்கள் கையால், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மதினி.

எவ்வளவு எழுதியாயிற்று என்று லேப்டாப்பில் காட்டும் கோடு மெதுவாக நகர்ந்தது. நான் காப்பி கொடுத்தேன். காப்பி தீர்ந்ததும் உங்கள் அலமாரியிலிருந்து சீப்புச்சீடையை எடுத்துக் கொடுத்தேன். கோடு இன்னும் முக்கால்கூட வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்தார். மாட்டை நாங்கள் அதற்கு முந்தின வருஷமே விற்றுவிட்டோம். எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் வழி விட்டேன். எழுதி முடிந்து, வாசித்துப் பார்க்கத் தொடங்கியதும், அதுதான் முடிந்ததே என்று சேதுராமன் கை நீட்டினார்.

“இருங்க” என்றீர்கள்.

கார்டு பெட்டிக்குள் போனது. சிவப்பு எரிந்தது. பச்சை ஒரு தரம் சிமிட்டியது, நின்றது, பிறகு விடாமல் சிமிட்டத் தொடங்கியது. டிவியில் எழுத்தெல்லாம் கடகடவென்று ஓடி, ஒரு மலைப் படம் வந்து நின்றது. பிச்சம்மா இதுதான் படமா என்று கேட்டாள். நீங்கள் தேங்காய் உடைக்கவில்லை, சூடம் காட்டவில்லை. கவிதாவை வந்து உட்காரச் சொன்னீர்கள், அவ்வளவுதான். அவள் ஒரு எழுத்தை அழுத்திவிட்டு, அது டிவியில் வந்துவிட்டதா என்று பயந்து பயந்து பார்த்தாள். சண்முகம் இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு அனுப்பட்டும் என்று கேட்டார்.

கவிதா இப்போது காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். ஸ்கூட்டரில் போய் வருகிறாள். கல்யாணம் பிறகு நடந்தது, அவள் சரி என்று சொன்ன பிறகு. பிரியா மதுரையில் படிக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் அந்த மேசையில் உட்கார்ந்து எழுந்துபோனார்கள் என்று நான் எண்ணவில்லை. உங்களுக்கு எண்ணுவது பிடிக்காது.

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நியாயம் பார்ப்பேன். பாக்கியம் மறுநாள் விடிந்ததும் உங்கள் காலடியில் வந்து உட்கார்ந்து அழுதாள். குழாயடியில் நின்று, பெட்டி முதலில் எரியாததற்குத் தன் பொட்டுதான் காரணம் என்று தானே எல்லோரிடமும் சொன்னாள். அவளை அன்றைக்கே விட்டுவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சேதுராமன் மேல் மூன்று பொங்கல் வரைக்கும் கோபம் வைத்திருந்தேன். பிறகு மின்வெட்டில் பெட்டி கெடக்கூடாது என்று தன் வீட்டு பேட்டரியைக் கழற்றிக்கொண்டுவந்து இந்த அறைக்கு மாட்டினார். அவரையும் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அன்று சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்து, பாக்கியம் பொட்டு வைத்த ராசிதான், கடைசியில் எரிந்துவிட்டது என்றார். சந்தனம் என்ன செய்தது என்று நான் அவருக்கு விளக்கினேன். பாக்கியமே விளக்கினாள். எல்லாம் கேட்டுக்கொண்டார். மறுநாளும் அதையே சொன்னார். உங்களிடம் வந்து நான் கொதித்தபோது நீங்கள் கீரையை ஆய்ந்துகொண்டே, “விடுங்க மதினி, அண்ணன் குணம் தெரிஞ்சதுதான” என்றீர்கள். உங்களுக்காக அப்போது வாயை மூடினேன்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பாமலே போனீர்கள். உங்கள் கருமாதிப் பந்தியில், உங்கள் வீட்டுக் கூடத்தில், நீங்கள் படிக்கவைத்த பிள்ளைகள் இலை போட, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அவர் அந்தக் கதையை மறுபடியும் சொன்னார். சுமங்கலி கை பட்டதும் பெட்டி எப்படிப் பளிச்சென்று எரிந்தது என்று. எரிந்தபோது அவர் அறையிலேயே இல்லை. நான் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் இலைக்கு ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போனேன். அவ்வளவுதான் என்னால் அங்கே முடிந்தது.

நேற்று மின்சாரம் ஏறி இறங்கியதில் பெட்டி பாதியில் நின்றுவிட்டது. பேட்டரியும் பழசு. பிள்ளைகள் என் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். கார்டைப் புதிதாக எழுத வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் மேசையில் உட்கார்ந்தேன். எந்த இடத்தில் எழுதுவது என்று அது கேட்டது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் பெரிய எண் லேப்டாப், சின்ன எண் கார்டு என்று தெரியும். என் விரலும் அந்த இடத்தில் நின்றது. இரண்டு தரம் பார்த்துவிட்டு அழுத்தினேன். ஒரு பெண், “அப்பத்தா, நாங்களே பண்ணிருப்போம்ல” என்றாள். தெரியும், தள்ளி உட்காரு என்றேன். எழுதி முடிந்தது, வாசித்துப் பார்த்தது, எடுத்துக்கொள்ளச் சொன்னது. எடுத்துச் சொருகினேன். பச்சை சிமிட்டியது. உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்கள். என்னிடம் நீங்கள் விட்டுப்போனது இது, மதினி. வீட்டுச் சாவி மட்டும் இல்லை.

இன்று காலை எங்கள் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு இந்த அறை வாசலுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் இந்த அறைப் பக்கம் வந்தது இதுதான் முதல் தடவை. எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று, அந்தப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவோமா என்றார். உள்ளே வரலாம், ஆனால் முதலில் டீக்கடைக்குப் போய் அன்றைக்கு யார் கையால் எரிந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே போய்விட்டு வருவார் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன்.

“அதெல்லாம் பழைய கதை, அதை விடுவியா” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

விடமாட்டேன். சோறு போடுவேன், மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதில் குறை வைக்க மாட்டேன். நீங்கள் விடச் சொன்னீர்கள், உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை, இந்த ஒன்றைத் தட்டுகிறேன். கட்டியவர் பேரைச் சொல்லக்கூடாது என்று எங்கள் அம்மா சொல்லி வளர்த்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் தலையாட்டுவேன். இன்றைக்கு வரை ஒரு தடவைகூட அந்தப் பேர் என்னிடமிருந்து வந்ததில்லை. உங்களுக்காக எழுதுகிறேன்.

நான் மன்னிக்காத ஆள் கருப்பையா.